முகமும் விலாசமும்

1

1984இல் ஒரு லெட்ஜர் நோட்டில் போட்டோக்களை ஒட்ட ஆரம்பித்தேன். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் வாங்கிய, மளிகைக் கடைக்காரர்கள் பற்று வரவு எழுதும் நீள நோட்டு. இடது பக்கம் படம், வலது பக்கம் இரண்டு மூன்று வரி எழுத்து. கடைசி இருபது பக்கங்கள் பார்க்கிறவர்களின் அபிப்பிராயத்துக்கென்று விடப்பட்டிருந்தன. பிரதி ஒன்றே ஒன்று. ஐந்து நண்பர்கள் கையில் மாறி மாறிப் போய் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்னிடம் திரும்பி வரும். வந்ததும் புதிதாக எட்டோ பத்தோ படங்களை ஒட்டி மறுபடி அனுப்புவேன். கையெழுத்துப் பத்திரிகை நடத்திக் கைவலி கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் புதுமை ஒன்றும் தெரியாது. எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் படம் நின்றது, அவ்வளவுதான்.

நோட்டுக்கு 'மஞ்சு' என்று பெயர் வைத்தேன். படங்கள் எல்லாம் மாஞ்சோலை மலையில் எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே போவேன். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஒன்றின் மேல் ஒன்றாக எஸ்டேட்டுகள். அணைக்கட்டில் முதுகைச் சுட்ட வெயில் ஒன்றரை மணி நேரத்தில் பொய்யாகிவிடும். இந்த மாற்றமே அன்று எனக்குக் கலையனுபவமாகப் பட்டது.

இப்போது அந்த நோட்டைப் பிரித்து வேறு மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் நாற்பது வருஷத்துக்குப் பிறகு தன் பழைய ஆல்பத்தைக் கலைத்து அடுக்குவதில் மற்றவர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோட்டு தொடங்கியதற்கு அன்று நம்மிடையே புழங்கிய சில கலைக் கொள்கைகள் காரணம். அதைக் கலைக்க வேண்டி வந்ததற்கும் அவையே காரணம். ஆகவேதான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது அக்ஃபா கிளிக் மூன்று. வெயில், மேகம் என்று சின்னங்கள் போட்ட, வேறு வித்தை எதுவும் தெரியாத காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்டு இன்று மூடப்பட்டுவிட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் அப்போது கடைகளில் கிடைத்தது. பெரிதாக்கிப் போட என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. நெகட்டிவ் அளவுக்கே, இரண்டேகால் அங்குலச் சதுரமாக, ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் காமிராவில் தனி வில்லை மாட்டாவிட்டால் பத்தடிக்குக் குறைவாக நிற்கும் எதுவும் மங்கும். ஆகவே நான் எப்போதும் தூரத்தில் நின்றேன். இதைக் காமிராவின் குறை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் அந்தத் தூரம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அன்று எங்களுக்குக் கவிதையில் பிடிக்காதவை மூன்று: கதை, உபதேசம், கண்ணீர். படிமம் தன் காலில் நிற்க வேண்டும், அதற்கு விளக்கம் தேவைப்பட்டால் அது படிமம் இல்லை என்பது கட்சி. இதை நான் போட்டோவுக்கும் பொருத்தினேன். படத்தில் ஆள் வந்தால் கதை வந்துவிடும். கூடையும் தலைத்துண்டுமாக ஒரு பெண் வந்தால் உபதேசமும் பின்னாலேயே வந்துவிடும். எனவே என் படங்களில் தேயிலைச் சரிவு உண்டு, சில்வர் ஓக் மரம் உண்டு, ஈரத் தார்ச்சாலை உண்டு, ஆள் கிடையாது. பதினேழாவது பக்கத்தில் ஒரு படம். கீழே முக்கால் பங்கு கருப்பு. மேலே வலது மூலையிலிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கி வந்து கருப்புக்குள் கரைகிறது. நண்பர்களில் கவிஞராக இருந்தவர் அபிப்பிராயப் பக்கத்தில் எழுதினார்: 'இதில் மலை இல்லை. மலை வாய் திறக்குமுன் இருக்கும் மௌனம் இருக்கிறது.' ஒரு மாதம் அந்த வாக்கியத்தோடு திரிந்தேன்.

2

ஆளில்லாத படம் எடுப்பது லேசான காரியமல்ல என்பதை எடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேயிலைக் காடு ஆளில்லாத இடம் கிடையாது. ஒரே செடிக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் கை மறுபடி வந்தாக வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனிக்குள் ஒடிய வேண்டும். தாமதித்தால் இலை முற்றிவிடும். கவாத்து வெட்டாமல் விட்டால் செடி தன் இஷ்டத்துக்கு மரமாகிவிடும். இடுப்பளவில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறதே, அந்தச் சமம், பல்லாயிரம் கைகள் ஓயாமல் தடவித் தடவி உண்டாக்கியது. அதைத்தான் 'இயற்கை' என்று என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

1986 என்று நினைக்கிறேன். விடுமுறை நாள் ஒன்றில், வேலை நடக்கும் சரிவுக்கு எதிரே காமிராவோடு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு அம்மா சத்தம் போட்டுக் கேட்டாள்:

"என்ன சார், வெயிலுக்காவ காத்திருக்கியளா?"

"இல்லம்மா. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போனா எடுத்துருவேன்."

"நாங்க இத முடிச்சிட்டுப் போவ சாயங்காலம் ஆயிரும். எங்களயும் சேத்துத்தான் எடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வேறு சரிவுக்குப் போனேன். இதை ஒரு வேடிக்கையாக நண்பர்களிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

இதில் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான் தபாலாபீஸ் குமாஸ்தா. மலைக்குப் போகும் பையில் என்னென்ன கடிதம் போகிறது என்பது என் கண் வழியாகத்தான் போகும். பன்னிரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். எஸ்டேட் பெயர், லைன் நம்பர், வீட்டு நம்பர், ஆளின் பெயர். யாருக்குத் திருப்பூரிலிருந்து மணியார்டர் வருகிறது, யாருக்குப் பட்டாளத்திலிருந்து இன்லண்டு வருகிறது, யாருக்கு ஒன்றுமே வருவதில்லை என்பது கையெழுத்தோடு மனப்பாடம். வாரத்தில் ஆறு நாள் முகமில்லாத பெயர்களோடு இருந்தேன். ஏழாவது நாள் மலையேறி, பெயர் தெரியாத முகங்களை விலக்கிவிட்டுப் படம் எடுத்தேன். இரண்டும் ஒரே ஆட்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தது எதற்கும் பயன்படவில்லை.

பின்னால் ஜூலியா மார்கரெட் காமெரானைப் பற்றிப் படித்தபோது இது உறைத்தது. டென்னிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் இங்கிலாந்தில் படம் எடுத்து அழியாப் புகழ் பெற்றவள். கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள். 1875இல் இருவரும் அங்கே குடிபோனார்கள். 1879இல் அங்கேயே இறந்தாள். இலங்கையில் அவள் எடுத்தவற்றில் எஞ்சியவை சொற்பம். அவற்றில் தோட்டத்துத் தமிழ்க் கூலியாட்கள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். டார்வின் படத்தின் கீழே டார்வின் என்று இருக்கிறது. இவர்கள் படம் ஒன்றின் கீழே 'களுத்துறைக் குடியானவர்கள் குழு' என்று இருக்கிறது. அதே காமிரா, அதே கை, அதே பொறுமை. அவளாவது அவர்களை எதிரே நிறுத்தி முகம் பார்த்தாள். நான் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு முகங்கள் நகரட்டும் என்று காத்திருந்தேன். நூறு வருஷ வித்தியாசத்தில் என் பங்குக்கு நான் சாதித்த முன்னேற்றம் இது.

3

1996இல் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தேன். மாதம் ஒரு முறையாவது மலைக்குப் போய்வந்தேன். நோட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, முன்னைவிட மெதுவாக.

1999 ஜூலை 23 வெள்ளிக்கிழமை. கூலி உயர்வு கேட்டும், கைதாகிச் சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லியும் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம். கலெக்டரிடம் மனுக் கொடுப்பதற்காகக் கொக்கிரகுளம் வந்தவர்களைப் போலீஸ் அடித்தது. ஒரு பக்கம் தடியடி, இன்னொரு பக்கம் ஆறு. தாமிரபரணியில் இறங்கியவர்களில் ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் பிணமாகத்தான் கரையேறினார்கள்.

அன்று என் ஆபீஸ் பையில் காமிரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவதாக உத்தேசம். புதுச் சுருள் போட்டு வைத்திருந்தேன். கொக்கிரகுளம் சைக்கிளில் போய்விடும் தூரம். மலைக்காரர்கள் திரளாக வருகிறார்கள் என்று காலையிலேயே பேச்சு. அந்தப் பெயர்களில் பாதியை நான் அறிவேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு எட்டுப் போய்வரலாமா என்று தோன்றியது. கூட்டம் என் விஷயமல்ல என்றும் தோன்றியது. இரண்டாவதே ஜெயித்தது. மாலையில் செய்தி வந்தபோது பையைத் திறக்கவில்லை.

போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்து என்னை உயர்த்திக்கொள்ள விரும்பவில்லை. ஓடியிருப்பேன். அன்று காமிராவோடு நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்ததால்தான் தண்ணீருக்குள்ளும் அடி விழுந்தது என்பதை ஊர் பார்த்தது. ஆர். ஆர். ஸ்ரீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் எடுத்தார். அதைப் பார்த்த இரவு 'மஞ்சு' நோட்டை எடுத்துப் புரட்டினேன். நூற்றுச் சொச்சம் பக்கங்கள். அழகு குறையவில்லை, அதுதான் தொந்தரவாக இருந்தது. செத்தவர்களின் ஊர் என்று யாரிடமாவது இந்த நோட்டைக் காட்டினால், 'இங்கே யாராவது இருந்தார்களா' என்று கேட்பார்கள்.

அதன் பிறகு நோட்டு சுற்றவில்லை. ஜூலை 23க்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்கினேன். பத்திரிகைப் படத்தை வெட்டி ஒட்டப் போனேன். பசை தடவியபின் விட்டுவிட்டேன். பிறர் நின்று எடுத்த படத்தை, நிற்காத நான் என் நோட்டில் ஒட்டிக்கொள்வது சரியாகப் படவில்லை. அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது.

4

மலையின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். வெட்டவும் வைக்கவும் பறிக்கவும் சமவெளியிலிருந்து ஆட்கள் மலையேறினார்கள். பெரும்பாலோர் தலித்துகள், கேரளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. ஜமீன் 1952இல் ஒழிந்தது. குத்தகை ஒழியவில்லை. 1988இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. தோட்டம் நடுவில் தீவாக நின்றது. 2018இல் அந்தப் பூமி காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028இல் முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024 ஜூன் நடுவில், வேலை நின்றது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் இறங்க வேண்டும், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றானது. வழக்குகள் போட்டார்கள். தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகம் எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வுக்கு அரசு சொன்ன உதவிகளை நிறைவேற்ற வேண்டும் என்றது.

காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அந்த மலையில் காடு வேண்டாம் என்று சொல்ல முடியாது. காட்டை வெட்டியவர்கள் அந்தத் தொழிலாளர்களா, வெட்டச் சொன்னவர்களா என்பது வேறு கேள்வி. நான்கு தலைமுறை இருந்தவர்கள் இருந்ததற்கு அடையாளம் இல்லாமல் போவது இன்னொரு கேள்வி. இந்த மூன்றாவது விஷயத்தில் எனக்கு நேரடிச் சம்பந்தம் இருந்தது. ஆளில்லாத மாஞ்சோலையை 1984லேயே நோட்டில் ஒட்டி வைத்தவன் நான்.

2024 ஜூலையில் பழைய நெகட்டிவ்களைத் தேடினேன். டிராயரில் ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் கிடந்தன. 26 சுருள், 312 படம். பூஞ்சை தின்றவை போக இருநூறு தேறும். ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு இளைஞர் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் அந்தப் படங்களை நான் பார்த்ததே இல்லை. மட்டமான வில்லைதான், இருந்தாலும் நெகட்டிவ் பெரியது. அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். சரிவின் ஓரத்தில் ஒரு தலைத்துண்டு. சில்வர் ஓக்குக்குப் பின்னால் பாதி உடம்பு. சாலைத் திருப்பத்தில் சாக்குமூட்டையோடு இரண்டு பேர். லைன் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுகிறவள். நான் அகற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நாற்பது வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறார்கள். "ஆள் இல்லாத படம்னு சொன்னீங்களே சார்" என்றார் அந்த இளைஞர். கேலி இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

எழுபது படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாஞ்சோலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பினேன். பாதி வீடுகளில் சாமான்கள் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அவர்கள்தான் சொன்னார்கள். இது எங்க லைனு, அந்தக் கொய்யா மரம் காத்துல விழுந்துட்டு, இந்த நாய் பேரு மணி. பதினேழாம் பக்கத்துப் படம் ஒரு பெரியவர் கைக்குப் போனது. ஃபேக்டரியில் கொழுந்து காயவைக்கும் இடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அது மஞ்சு இறங்கும்போது எடுத்தது" என்றேன்.

"மஞ்சு எங்க இருக்கு? இது நம்ம ஃபேக்டரிப் பொகைல்லா. வெறகு ஈரமா இருந்தா இப்பிடித்தான் வெள்ளையாக் கெளம்பும். மூக்கெல்லாம் எரியும்." படத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

மலை வாய் திறக்குமுன் இருந்த மௌனம் ஈர விறகின் புகை. கவிஞர் உயிரோடு இருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். அவர் ரசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஒரு படத்தைக் கீழே வைக்கவே இல்லை. சரிவின் மேல் விளிம்பில், முதுகு காட்டி, குனிந்திருக்கும் ஓர் உருவம், கடுகளவு.

"இது எங்க அம்மை."

"முகமே தெரியலியேம்மா."

"முதுகப் பாத்தாத் தெரியாதா? இடது தோள் எறங்கி இருக்குல்லா."

அம்மையின் பெயரைக் கேட்டேன். சொன்னார். லைன் நம்பரும் வீட்டு நம்பரும் என் வாயிலிருந்து தானாக வந்தன. "உங்க அம்மைக்கு மாசாமாசம் திருப்பூர்ல இருந்து மணியார்டர் வரும். பச்சை மையில எழுதியிருக்கும்." அவர் திகைத்துப் போனார். "அண்ணன் அனுப்புவான். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "முகம் இருக்கா சார், வேற படத்துல? வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

வீட்டுக்கு வந்து 312 நெகட்டிவ்களையும் பார்த்தேன், பூஞ்சை தின்றவை உட்பட. அந்த அம்மாவின் முகம் இல்லை. என்னைப் பார்த்து 'எங்களயும் சேத்துத்தான் எடுங்களேன்' என்று சொன்னவள் அவளாகவே இருந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்வது கதையைச் சரியாக முடித்துவிடும் என்பதாலேயே அதை நம்ப மறுக்கிறேன்.

5

நோட்டின் புதிய அமைப்பு இது. 'மஞ்சு' என்ற பெயரை எடுத்துவிட்டேன். படங்களை எடுத்த தேதி வரிசையிலோ, அழகின் வரிசையிலோ வைக்கவில்லை. தபால் பை பிரிக்கிற வரிசையில் வைத்திருக்கிறேன்: எஸ்டேட், லைன், வீடு. ஒரு லைன் எந்தப் படத்தின் ஓரத்தில் வருகிறதோ அந்தப் படம் அந்த லைனுக்கு. வலது பக்கத்தில் என் வரிகளுக்குப் பதில், அந்த வீட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்துச் சொன்னது, அவர்கள் சொன்னபடியே. படம் இல்லாத வீட்டுக்கும் பக்கம் உண்டு. அதில் வீட்டு நம்பர் இருக்கும்.

இது பழையதைவிட நல்ல நோட்டா? கலையாகப் பார்த்தால் இல்லை. பழைய நோட்டில் ஒரு கண் இருந்தது. அதன் பார்வை ஒரே சீராக இருந்தது. இதில் நாய்க்கும் கொய்யா மரத்துக்கும் கொக்கிரகுளத்துக்கும் ஒரே அளவு இடம். எங்கள் பழைய கட்சிப்படி பார்த்தால் இது விளக்கங்களின் மூட்டை. நண்பர்களில் எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவர், 'நீ சென்சஸ் எடுக்கிறாய்' என்று எழுதினார். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. விளக்கம் வேண்டாத படிமம் என்று நாம் கொண்டாடியது, விளக்கக்கூடியவர்களிடம் ஒருபோதும் கொண்டுபோய்க் காட்டாத படிமமாகவும் இருந்ததல்லவா? ஐந்து பேருக்குள் சுற்றியதால் புகை மஞ்சாகவே நாற்பது வருஷம் இருந்தது. ஆறாவதாக ஒருவர் பார்த்த நிமிஷத்தில் கலைந்தது.

இன்று வாடிப்பட்டியில் ஜெய்சிங் நாகேஸ்வரன் போன்றவர்கள் தங்கள் சொந்தக் குடும்பத்தையே, சொந்த வீட்டுக்குள் நின்று படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பிரச்னை எழுவதில்லை. எதிரே இருப்பவர் பெயர் தெரியாமல் அவர்கள் காமிராவைத் தூக்குவதில்லை. என்னைப் போல் வெளியிலிருந்து போகிறவனுக்கு மீதியுள்ள வேலை, எடுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என்று படுகிறது.

கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. ஒருவர், "எங்க பேர எழுதாதிய சார், கேஸ் நடக்கு" என்றார். எழுதவில்லை. பெயரைச் சேர்த்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல அடி. பெயரும் அவர்களுடையது, எப்போது தருவது என்பது அவர்கள் இஷ்டம்.

அந்தப் பெண் படத்தை மட்டும் கேட்கவில்லை, நெகட்டிவையும் கேட்டார். அம்மையின் முதுகை ஊரார் பார்க்க வேண்டாம் என்றார். கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழிக்கச் செய்தேன். ரோலான் பார்த், 1980இல் வந்த தன் போட்டோ பற்றிய புத்தகத்தில், இறந்த தாயின் படம் ஒன்றை மையமாக வைத்துப் பாதிப் புத்தகம் எழுதுகிறார். அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு குழந்தையின் படமாகத்தான் தெரியும் என்கிறார். படித்த காலத்தில் இதைக் கெட்டிக்காரத்தனமான உத்தி என்று நினைத்திருந்தேன். இப்போது என் நோட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில் நாலு மூலைக் காகிதங்கள் மட்டும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் பெயரும் விலாசமும். முன்பு பெயரில்லாத படம் இருந்தது. இப்போது படமில்லாத பெயர் இருக்கிறது.

மற்றப் பிரிண்டுகளைக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பிவருகிறேன். நோட்டின் கடைசி இருபது பக்கங்களில் இப்போது அபிப்பிராயம் எதுவும் எழுதப்படுவதில்லை. போகிறவர்கள் தங்கள் புது விலாசத்தை எழுதினார்கள். ரெட்டியார்பட்டி, மணிமுத்தாறு, திருப்பூர், கேரளத்தில் ஏதோ ஒரு ஊர். சிலர் எழுதவில்லை, இன்னும் தெரியவில்லை என்றார்கள்.

போன மாதம் ஒரு கவர் திரும்பி வந்தது. பழைய விலாசத்தை எழுதிவிட்டிருக்கிறேன்: எஸ்டேட், லைன், வீட்டு நம்பர். கை தானாக எழுதியிருக்கிறது. மேலே சிவப்பு மையில் ஆள் இல்லை என்ற குறிப்பு. நோட்டைப் பார்த்து, பழையதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது விலாசத்தை எழுதினேன். பழையது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். புதிதாகத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். இந்த முறை திரும்பி வரவில்லை.